ஆறு மாசம் படகு, குளிருக்கு மோட்டார்ஹோம்: இங்கிலாந்துல ஆரம்பிக்கிற ஜோடிகளுக்கு

ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் இங்கிலாந்து கால்வாய்கள்ல நாரோபோட்ல (ஏழடிக்குள்ள அகலம், நல்ல நீளம், உள்ளயே வாழக்கூடிய படகு) இருக்கிறது, குளிர் வந்ததும் மோட்டார்ஹோம்ல (படுக்கை, சமையல் எல்லாம் உள்ளயே இருக்கிற வண்டி) ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் இறங்கிடுறது. பிள்ளைங்க படிச்சு முடிச்சு தனியா போனதுக்கு அப்புறம் நானும் என் வீட்டுக்காரரும் எடுத்துக்கிட்ட வாழ்க்கை இதுதான். படகைப் பத்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, மோட்டார்ஹோம் பத்தி சொல்லவும் ஆயிரம் பேர் இருக்காங்க, ஆனா ரெண்டையும் ஒண்ணா வச்சிருந்தா எங்கெங்க முட்டும்னு சொல்றவங்க ரொம்ப கம்மி, நாங்க அல்லாடினது முழுக்க அங்கதான். அதனாலதான் இதை உக்காந்து எழுதுறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே மனசுல வாங்கிக்கோங்க. நீங்க படகுல இருக்கும்போது வண்டி எங்க நிக்கும், வண்டில இருக்கும்போது படகு எங்க நிக்கும், நீங்க இல்லாத நேரத்துல எதோட பேப்பர் காலாவதி ஆகும். இந்த மூணுக்கும் பதில் இல்லாம ரெண்டுல எதையும் வாங்காதீங்க. கீழ இருக்கிற எல்லா படியும் இதுக்குள்ளதான் வரும்.

1. அட்ரஸ் யாரோடது?

எல்லாரும் படகைப் பாக்கத்தான் முதல்ல ஓடுவாங்க. நீங்க அட்ரஸ்ல ஆரம்பிங்க. டிவிஎல்ஏ (வண்டிப் பதிவு, டிரைவிங் லைசென்ஸ் பாத்துக்கிற அரசு அலுவலகம்), பேங்க், வண்டி இன்சூரன்ஸ், படகு லைசென்ஸ், டாக்டர் எல்லாருக்கும் ஒரு நிலையான விலாசம் வேணும். டிவிஎல்ஏ கிட்ட விலாசம் மாறினதை சொல்லாம விட்டா 1,000 பவுண்டு வரைக்கும் ஃபைன் போடலாம். மோட்டார்ஹோம் இன்சூரன்ஸ் கம்பெனிகள்ல நிறைய பேர், வீடுன்னு ஒண்ணு இல்லாம வண்டிலயே வருஷம் முழுக்க இருக்கிறவங்களுக்கு பாலிசி தர மாட்டாங்க. எங்களுக்கு ஒரு கம்பெனி ஃபோன்ல எல்லாம் சரின்னு சொல்லி பணமும் வாங்கிக்கிட்டு, படகுல ஆறு மாசம் இருப்போம்னு எழுத்துல சொன்னதும் பாலிசியை ரத்து பண்ணிட்டாங்க, கிளம்புறதுக்கு கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. அதனால எதுவா இருந்தாலும் ஈமெயில்ல கேட்டு ஈமெயில்லயே பதில் வாங்குங்க.

சொந்த வீடு இருந்தா முதல் வருஷம் விக்காதீங்க, இதை நான் கெஞ்சியே கேட்டுக்கிறேன். பூட்டிட்டுப் போறதா இருந்தா வீட்டு இன்சூரன்ஸை எடுத்துப் படிங்க, பெரும்பாலான பாலிசில வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ காலியா இருந்தா பல கவர் நின்னுடும், குழாய் வெடிச்சா காசு வராது. வாடகைக்கு விடுறதா இருந்தா மார்ட்கேஜ் குடுத்த பேங்க்கோட அனுமதி முன்கூட்டியே வேணும், வீட்டு இன்சூரன்ஸையும் வாடகை வீட்டுக்கானதா மாத்தணும். பிள்ளைங்க வீட்டு விலாசத்தை வச்சுக்கிறது நடைமுறைக்கு ரொம்ப வசதி, ஆனா வர்ற லெட்டரை உடனே பிரிச்சு ஃபோட்டோ எடுத்து அனுப்புற பிள்ளையா பாத்து வைங்க!

டாக்டர் விஷயத்துல பயப்படாதீங்க, ஜிபி (குடும்ப டாக்டர்) கிட்ட பதிவு பண்ண விலாச ஆதாரம் கட்டாயம் இல்லை. ரிசப்ஷன்ல இல்லைன்னு சொன்னாலும் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. மாத்திரை சாப்பிடுறவங்க ஐரோப்பா கிளம்புறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே கூடுதல் மாத்திரை பத்தி பேசிடணும். ஜிஹெச்ஐசி கார்டு (ஐரோப்பால அரசு வைத்தியத்துக்கு உதவுற கார்டு) இலவசம், அதுக்கு காசு கேக்கிற வெப்சைட் எல்லாம் இடைத்தரகர்கள், பக்கத்துலயே போகாதீங்க.

2. நாள் கணக்கு

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டா இருந்தாலும் சரி, ஷெங்கன் (ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்ஸ் எல்லாம் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளோட பொது எல்லை) விசா வாங்கின இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டா இருந்தாலும் சரி, எந்த 180 நாளை எடுத்தாலும் அதுல 90 நாள்தான் ஷெங்கன் நாடுகளுக்குள்ள இருக்கலாம். விசால அதைவிட கம்மியா நாள் போட்டிருந்தா அதுதான் கணக்கு. உள்ள போற நாளும் வெளிய வர்ற நாளும் கணக்குல சேரும். 2025 அக்டோபர் 12ல இருந்து ஈஈஎஸ்னு கைரேகை, ஃபோட்டோ எடுத்து பதிவு பண்ற முறை ஆரம்பிச்சிருக்கு, கணக்கை இப்ப மெஷின் வைக்குது, முத்திரை தெளிவா இல்லைன்னு எல்லாம் தப்பிக்க முடியாது. ஃபெர்ரி துறைமுகத்துல இதுக்குன்னு கூடுதல் நேரம் வச்சுக்கோங்க.

நாங்க டிசம்பர் ஆரம்பத்துல போய் பிப்ரவரி கடைசில திரும்பிடுவோம், அது சரியா 90க்குள்ள அடங்கும். பிரச்சினை என்னன்னா வெயில் காலத்துல ஒரு வாரம் பாரிஸ்ல அண்ணன் பொண்ணு கல்யாணம்னு போயிட்டு வந்தா, தேதியைப் பொறுத்து அதுவும் இந்த 180க்குள்ள வந்து விழும். காலண்டர்ல ரெண்டு பேருக்கும் தனித்தனியா குறிச்சு வைங்க. 90 நாளுக்கு மேல வெயில் வேணும்னா மொராக்கோ ஷெங்கன்ல வராது, ஆனா உங்க வண்டி இன்சூரன்ஸ் அங்க செல்லுமான்னு தனியா கேக்கணும், சும்மா ஐரோப்பா கவர்னா மொராக்கோ அதுல இருக்காது.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது முக்கியம். பிரிட்டிஷ் குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கலைன்னா, அஞ்சு வருஷத்துல மொத்தம் 450 நாளுக்கு மேலயோ, கடைசி 12 மாசத்துல 90 நாளுக்கு மேலயோ நாட்டை விட்டு வெளிய இருந்திருக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. ஸ்பெயின்ல 90 நாள் இருந்துட்டு ஊர்ல அம்மாவைப் பாக்க ரெண்டு வாரம் போனா தாண்டிடும். ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் இன்னும் ஐஎல்ஆர்ல (நிரந்தரமா தங்குற அனுமதி) இருந்தா, குடியுரிமை வேலையை முடிச்சுட்டு அப்புறம் குளிர்கால பயணத்தை ஆரம்பிங்க.

3. ரெண்டையும் வாடகைக்கு எடுத்துப் பாருங்க

நாரோபோட் ஓட்ட இங்க லைசென்ஸ் பரீட்சை எதுவும் கிடையாது, யார் வேணா ஓட்டலாம். அதனாலயே கத்துக்காம இறங்கிடுறாங்க. ஆர்ஒய்ஏங்கிற படகு சங்கம் நடத்துற உள்நாட்டு நீர்வழி ஹெல்ம்ஸ்மேன் (படகோட்டி) கோர்ஸ் சின்னதுதான், ரெண்டு பேருமே பண்ணுங்க. ஒருத்தர் மட்டும் ஓட்டத் தெரிஞ்ச படகுல இன்னொருத்தர் காய்ச்சல்ல படுத்தா அங்கயே நிக்க வேண்டியதுதான்.

முதல் வாடகைப் பயணத்துக்கு வடக்கு ஆக்ஸ்ஃபர்ட் கால்வாயும் ஆஷ்பி கால்வாயும் போல ஒரு இடம் இல்லை. பிரான்ஸ்டன்ல ஏறினா ரக்பி பக்கத்துல ஹில்மார்ட்டன்ல மூணு லாக் (கதவை மூடி தண்ணிய ஏத்தி இறக்கி படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோற தொட்டி), அப்புறம் ஹாக்ஸ்பரில ஒரு அடிக்கும் கம்மியா ஏத்தி இறக்குற ஒரு சின்ன லாக், அங்க திரும்பி கவன்ட்ரி கால்வாய்ல கொஞ்ச தூரம், அப்புறம் ஆஷ்பிக்குள்ள நுழைஞ்சா சுமார் 22 மைல் லாக்கே கிடையாது, வயலும் மாடும்தான். எவ்வளவு நேரம் ஆகும்னு கணக்குப் போட ஒரு எளிய வழி இருக்கு, மைலையும் லாக் எண்ணிக்கையையும் கூட்டி மூணால வகுங்க, வர்றது மணி நேரம். உச்ச வேகமே மணிக்கு 4 மைல், கட்டி நிக்கிற படகுங்களைத் தாண்டும்போது அதுக்கும் கீழ.

மோட்டார்ஹோமும் அப்படித்தான், ஷோரூம்ல ஏறி இறங்கிட்டு முடிவு பண்ணாதீங்க. மழைல மூணு நாள் அதுக்குள்ள ரெண்டு பேரும் இருந்து பாருங்க, முடிஞ்சா நவம்பர்ல.

4. படகுக்கு முன்னாடி இடம்

இங்கதான் நிறைய பேர் காசை விடுறாங்க. படகு வாங்கினா அது நிக்கிற மூரிங்கும் (படகைக் கட்டி வைக்கிற இடம்) சேர்ந்து வரும்னு நினைக்கிறாங்க, பெரும்பாலும் வராது, மரினா (படகு நிறுத்துற துறை) ஒப்பந்தம் பழைய ஓனர் பேர்ல இருக்கும், அவரோட முடிஞ்சுடும்.

கேனல் அண்ட் ரிவர் ட்ரஸ்ட் பாத்துக்கிற சுமார் 2,000 மைல் நீர்வழில ரெண்டு விதமா இருக்கலாம். ஒண்ணு, நிரந்தர மூரிங் வச்சுக்கிறது. இன்னொண்ணு, மூரிங் இல்லாம தொடர்ந்து நகர்ந்துக்கிட்டே இருக்கிறது, 1995 சட்டப்படி ஒரே இடத்துல தொடர்ந்து 14 நாளுக்கு மேல நிக்கக் கூடாது, சில இடத்துல போர்டுல இன்னும் கம்மியா போட்டிருப்பாங்க. மூரிங் இருக்கிறவங்களும் வெளிய கரைல கட்டும்போது இதே 14 நாள்தான். மூரிங் இல்லாதவங்களுக்கு 2024 ஏப்ரல்ல இருந்து லைசென்ஸ்ல கூடுதல் கட்டணம் வந்திருக்கு, வருஷா வருஷம் ஏறி 25 சதவீதம் வரைக்கும் போகும்.

நம்மள மாதிரி குளிர்ல மூணு மாசம் வெளிநாடு போறவங்களுக்கு நகர்ந்துக்கிட்டே இருக்கிற வழி தனியா ஒத்துவராது, 14 நாளைக்கு ஒருமுறை வந்து நகர்த்த ஆள் வேணுமே. அதே சமயம் விலை கூடின குடியிருப்பு மூரிங்கும் தேவையில்லை. அது கிடைக்கிறதே கஷ்டம், கவுன்சில் டாக்ஸும் சேர்ந்து வரலாம். நாம படகுல தங்குறது வெயில் காலத்துல, அதுவும் ஊர் ஊரா போய்க்கிட்டே. குளிர்காலத்துல படகு காலியாத்தான் நிக்கும். அதனால சாதாரண லெஷர் மூரிங் (படகை நிறுத்தலாம், அதையே வீடா வச்சுக்க முடியாது) போதும். மிட்லாண்ட்ஸ் பக்கம் 57 அடி படகுக்கு வருஷத்துக்கு சுமார் 2,500ல இருந்து 4,500 பவுண்டு வரைக்கும் ஆகும், லண்டன் கிட்ட போகப் போக விலை ஏறிடும். சில மரினால நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் மட்டும் குளிர்கால ஒப்பந்தம் தருவாங்க, அதை எடுத்தா மீதி மாசத்துக்கு நீங்க எந்த வகை லைசென்ஸ்னு ட்ரஸ்ட் கிட்ட எழுத்துல கேட்டு வச்சுக்கோங்க.

மரினா தேடும்போது ஒரே ஒரு கேள்வி கூடுதலா கேளுங்க. படகு வெளிய போயிருக்கிற மாசங்கள்ல எங்க மோட்டார்ஹோம் உங்க இடத்துல நிக்கலாமா? சில மரினா சரிங்கும், சில இடத்துல தனி கட்டணம் போடுவாங்க, சிலர் முடியாதும்பாங்க. சரின்னு சொல்ற மரினா கிடைச்சுட்டா உங்க பாதி தலைவலி தீர்ந்துச்சு. படகு கிளம்புற அன்னைக்கு வண்டி உள்ள வரும், வண்டி கிளம்புற அன்னைக்கு படகு உள்ள நிக்கும், சாமானை ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு கைலயே தூக்கி மாத்திடலாம். எங்களுக்கு அப்படி ஒரு இடம் கிடைக்க நாலஞ்சு கவுண்டி சுத்த வேண்டியிருந்துச்சு, ஆனா அது கிடைச்ச பிறகுதான் இந்த வாழ்க்கை ஓட்டத்துக்கே வந்துச்சு.

5. படகு வாங்குறது

அளவு: 57 அடி நீளம், 6 அடி 10 அங்குலம் அகலம். இதுக்கு மேல போனா வடக்க சில கால்வாய்ல லாக் நீளம் பத்தாது. வைட்பீம் (அகலமான படகு) பாக்க வீடு மாதிரி விசாலமா இருக்கும், ஆசை வரும், ஆனா மிட்லாண்ட்ஸ்ல பெரும்பாலான லாக்குங்க 7 அடி அகலம்தான், தெற்குல வாங்கினா தெற்குலயே சுத்த வேண்டியதுதான். ஊர் சுத்தத்தான் இறங்குறோம்னா நாரோபோட்தான்.

பேப்பர்: காருக்கு வி5சின்னு பதிவுச் சீட்டு இருக்கிற மாதிரி படகுக்கு கட்டாயமான மையப் பதிவு எதுவும் கிடையாது. இதை ரெண்டு தடவை படிங்க. விக்கிறவர்தான் ஓனர்னு நிரூபிக்க அரசாங்க காகிதம் இல்லை. அதனால இவங்க வாங்கினதுக்கான பில், அதுக்கு முன்னாடி இருந்தவரோட பில்னு எவ்வளவு தூரம் பின்னாடி போக முடியுமோ அவ்வளவு கேளுங்க. கட்டினவர் குடுத்த இன்வாய்ஸ், 1998 ஜூனுக்கு அப்புறம் கட்டின படகுன்னா சிஇ முத்திரைக்கான (பாதுகாப்பு விதிப்படி கட்டினதுங்கிற) அறிக்கை, ஹல் எண் (படகு உடல்ல பொறிச்ச எண்), பாதுகாப்பு சர்டிஃபிகேட், பழைய சர்வே ரிப்போர்ட், லைசென்ஸ் யார் பேர்ல இருந்துச்சுங்கிறது எல்லாம் பாருங்க. படகு மேல கடன் இல்லைன்னு விற்பனைப் பத்திரத்துல எழுதி கையெழுத்து வாங்குங்க. விக்கிற புரோக்கர்களுக்கு இங்க அரசு லைசென்ஸ் முறை எதுவும் இல்லை, யார் வேணா புரோக்கர் ஆகலாம், அதனால உங்க பணம் தனி கிளையன்ட் அக்கவுன்ட்ல போகுதான்னு கேளுங்க.

சர்வே: அட்வான்ஸ் பொதுவா 10 சதவீதம் கேப்பாங்க, சர்வே திருப்தியா இல்லைன்னா பணம் திரும்ப வரும்னு ஒப்பந்தத்துல இருந்தா மட்டும் குடுங்க. சர்வேயரை நீங்களே தேடுங்க, புரோக்கர் சொல்ற ஆள் வேண்டாம். படகைத் தண்ணிய விட்டு வெளிய தூக்கித்தான் பாக்கணும். அவர் சின்ன சுத்தியலும் அல்ட்ராசவுண்ட் மீட்டரும் வச்சுக்கிட்டு அடிப்பக்கம் முழுக்க கட்டம் கட்டமா தகட்டோட கனத்தை அளந்து சாக்பீஸ்ல எழுதிக்கிட்டே போவார். பக்கத்துல நின்னு பாருங்க, அன்னைக்கு தெரிஞ்சுக்கிற மாதிரி படகைப் பத்தி வேற எங்கயும் தெரிஞ்சுக்க முடியாது. கட்டும்போது அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கம் 6, மேல் கேபின் 4னு இருக்கிறது வழக்கம். துரு அரிச்சு எங்கயாவது 4 மில்லிமீட்டருக்கு கீழ வந்திருந்தா நிறைய இன்சூரன்ஸ் கம்பெனிங்க முழு கவர் தராது, மேல தகடு வைக்க வெல்டிங் செலவு ஆயிரக்கணக்குல போகும். சர்வேயர் ஃபீஸ் சுமார் 600ல இருந்து 900, தூக்கி இறக்குறது தனி. 50,000 பவுண்டு பொருளுக்கு இதை மிச்சம் பிடிக்காதீங்க.

6. சர்டிஃபிகேட், இன்சூரன்ஸ், லைசென்ஸ். இந்த வரிசைலதான்

போட் சேஃப்டி ஸ்கீம் சர்டிஃபிகேட் நாலு வருஷத்துக்கு ஒருமுறை. கேஸ், மின்சாரம், எரிபொருள், கார்பன் மோனாக்சைடு அலாரம் எல்லாம் பாப்பாங்க. வாங்குற படகுல இன்னும் எத்தனை மாசம் மிச்சம் இருக்குன்னு பாருங்க, ஜனவரில காலாவதி ஆகுதுன்னா நீங்க ஸ்பெயின்ல இருப்பீங்க. அப்புறம் இன்சூரன்ஸ், பழைய படகுன்னா சர்வே ரிப்போர்ட் கேப்பாங்க. இது ரெண்டும் கைல வந்தாத்தான் ட்ரஸ்ட் லைசென்ஸ் தரும். பழைய ஓனரோட லைசென்ஸ் உங்களுக்கு மாறாது, வாங்கின அன்னைக்கே புதுசா எடுக்கணும். 57 அடிக்கு வருஷ கட்டணம் ஆயிரம் பவுண்டைத் தாண்டிடும். லைசென்ஸ் இல்லாம தண்ணில விட்டா கடைசில படகையே தூக்கிட்டுப் போற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு.

தேம்ஸ் ஆத்துக்கு இந்த லைசென்ஸ் செல்லாது, அது என்விரான்மென்ட் ஏஜென்சியோடது, தனியா எடுக்கணும். ரெண்டுக்கும் சேர்த்து கோல்டு லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கு. முதல் வருஷம் தேவைப்படாது.

7. மோட்டார்ஹோம்: எடைதான் எல்லாம்

1997 ஜனவரி 1க்கு முன்னாடி இங்க கார் டெஸ்ட் பாஸ் பண்ணவங்களுக்கு லைசென்ஸ்ல சி1ங்கிற பெரிய வண்டி வகையும் சேர்ந்தே வந்திருக்கும், 7,500 கிலோ வரைக்கும் ஓட்டலாம். அதுக்கு அப்புறம் எடுத்தவங்களுக்கு பி (கார் வகை) மட்டும்தான், டீசல் வண்டின்னா 3,500 கிலோதான். நம்ம ஊர்ல இருந்து வந்தவங்க பெரும்பாலும் 97க்கு அப்புறம் வந்து, ஊர் லைசென்ஸை மாத்திக்க முடியாததால இங்கயே டெஸ்ட் எழுதினவங்க, அதனால கார்டோட பின்பக்கத்தைப் பாத்துட்டு வண்டி பாருங்க. சி1 இருந்தாலும் 70 வயசுல மெடிக்கல் பாஸ் பண்ணாத்தான் தொடரும்.

3,500 கிலோங்கிறது மொத்த எடை. வண்டி காலியாவே 3,100 இருக்கும். அதுல ரெண்டு பேர், 100 லிட்டர் தண்ணி, கேஸ், சைக்கிள், மேல வெயில் மறைப்பு, அரிசி மூட்டை, மசாலா டப்பா, கிரைண்டர்னு ஏத்தினா 400 கிலோ எங்க போச்சுன்னே தெரியாது. சாமான் எல்லாம் ஏத்தின பிறகு எடை மேடைல ஏத்தி அளந்து அந்த சீட்டை வண்டிலயே வைங்க. ஐரோப்பால ரோட்ல நிறுத்தி எடை போடுவாங்க, கூட இருந்தா ஃபைன், சில சமயம் சாமானை அங்கயே இறக்கச் சொல்வாங்க. கிளம்பும்போது வி5சி ஒரிஜினல் கைல இருக்கணும், பின்னாடி யுகே ஸ்டிக்கர் வேணும், பழைய ஜிபி ஸ்டிக்கர் இப்ப செல்லாது. இறைச்சி, பால் சாமான் ஐரோப்பிய யூனியனுக்குள்ள கொண்டு போகக் கூடாது, நெய் டப்பாவும் அதுல அடங்கும்.

8. எம்ஓடி, சார்ன், இன்சூரன்ஸ்

வண்டி எம்ஓடி (வருஷா வருஷம் பண்ற வண்டி தகுதிச் சோதனை) தேதி டிசம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள விழுந்தா முதல் வேலையா மாத்துங்க. எம்ஓடிக்காக வண்டி இங்க வந்தாகணும், வெளிநாட்டுல செய்ய முடியாது. காலாவதிக்கு ஒரு மாசத்துக்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள்ள செஞ்சா பழைய தேதியே தொடரும், அதுக்கு முன்னாடியே செஞ்சா செஞ்ச நாள்ல இருந்து புது வருஷம் ஆரம்பிக்கும். நமக்கு வேண்டியது அந்த ரெண்டாவதுதான், நவம்பர்ல ஒரு தடவை சீக்கிரமா செஞ்சு தேதியை அங்க கொண்டு வந்துடுங்க.

வெயில் காலத்துல வண்டி நிக்கும்போது சார்ன் (வண்டி ரோட்ல ஓடாதுன்னு டிவிஎல்ஏக்குக் குடுக்கிற அறிவிப்பு) போடலாம், அது இலவசம், ரோடு டாக்ஸ்ல மீதி இருக்கிற முழு மாசங்களுக்கு பணம் திரும்ப வரும். ஆனா வண்டி தனியார் இடத்துல நிக்கணும், தெருவுல நிறுத்தக் கூடாது, முன்கூட்டி பதிவு பண்ண எம்ஓடிக்குத் தவிர ஓட்டவே கூடாது. நடுவுல ஒரு வாரம் ஸ்காட்லாந்து போயிட்டு வரலாம்னு தோணினா மறுபடி டாக்ஸ் கட்டித்தான் எடுக்கணும். சார்ன் போட்டாலும் தீ, திருட்டு கவரை விட்டுடாதீங்க, மரினால நிக்குதுன்னு அந்த விலாசத்தையும் இன்சூரன்ஸ்ல பதிஞ்சு வைங்க. பாலிசில வெளிநாட்டு நாள் எத்தனைன்னு பாருங்க, 90 நாள் தேவைப்படும்போது 60 நாள் பாலிசி இருந்தா கடைசி மாசம் கவர் இல்லாம ஓட்டினதா ஆயிடும்.

9. ரெண்டுக்கும் பொதுவானது, பொதுவாகவே கூடாதது

படகுல போடுறது சிவப்பு டீசல், அதாவது வரி கம்மியான, சாயம் கலந்த டீசல். ஓட்டுறதுக்கு எவ்வளவு, சூடாக்கவும் கரண்டுக்கும் எவ்வளவுன்னு வாங்கும்போது சொல்லணும், ஓட்டுறதுக்கு 60, மத்ததுக்கு 40ங்கிறது பலரும் சொல்ற கணக்கு, உங்க நிஜ உபயோகத்தைச் சொல்லுங்க. அந்த சிவப்பு டீசல் ஒரு கேன் மிச்சம் இருக்குன்னு மோட்டார்ஹோம்ல ஊத்திடாதீங்க. சாயம் டேங்க்ல தங்கிடும், பிடிச்சா வண்டியையே எடுத்துட்டுப் போகலாம். கேன்ல பெரிசா எழுதி ஒட்டி வைங்க.

கேஸ் சிலிண்டர்: படகுல கேலர் கம்பெனி புரொப்பேன் வழக்கம், ஆனா அந்த சிலிண்டரை ஸ்பெயின்ல மாத்தித் தர மாட்டாங்க. வண்டிக்கு எல்பிஜி பங்க்ல நிரப்பிக்கிற டேங்க் போட்டுக்கோங்க, முதல்ல செலவு, அப்புறம் நிம்மதி.

டாய்லெட் ரெண்டுலயும் ஒரே வகை கேசட்டா (கழட்டித் தூக்கிட்டுப் போய் காலி பண்ற சின்ன டேங்க்) இருந்தா மருந்து, சீல், ஸ்பேர் எல்லாம் ஒண்ணே போதும். படகுல பம்ப்-அவுட் டேங்க் (மெஷின் வச்சு உறிஞ்சி காலி பண்றது) இருந்தா ஒவ்வொரு தடவையும் 20 பவுண்டுக்கு மேல போகும், கால்வாய் உறைஞ்சாலோ பக்கத்துல மரினா இல்லைன்னாலோ திண்டாட்டம். கேசட்னா ட்ரஸ்ட்டோட சர்வீஸ் பாயிண்ட்ல சாவி போட்டு இலவசமா ஊத்திடலாம். என் ஓட்டு கேசட்டுக்குத்தான்.

சமையல்: குக்கர் இல்லாம படகு ஏறாதீங்க, கேஸ் பாதி மிச்சம். மிக்ஸிக்கு இன்வெர்ட்டர் குறைஞ்சது 1,500 வாட் வேணும், ஆரம்பிக்கும்போது இழுக்கிற கரண்ட் அதிகம். சின்ன இடத்துல இட்லி வேக வச்சா ஆவி எல்லாம் ஜன்னல்ல தண்ணியா வழிஞ்சு மரத்துல கருப்புப் பூஞ்சை பிடிக்கும், மேல் மூடியைத் திறந்து வச்சுக்கிட்டு வேக வைங்க. காத்து வர்ற வென்ட்டை குளிருதுன்னு துணி வச்சு அடைக்கவே கூடாது, உள்ள கேஸ் அடுப்பும் கரி அடுப்பும் எரியுது, உயிர் விஷயம். சாமான் தீர்ந்துச்சுன்னா லண்டன் பக்கம் கிராண்ட் யூனியனோட பாடிங்டன் கிளை ஆல்பர்டன்ல ஈலிங் ரோடைத் தாண்டித்தான் போகுது, கட்ட இடம் கிடைச்சா கறிவேப்பிலை, முருங்கைக்காய், பச்சை மொச்சைன்னு நடந்துபோய் அள்ளிட்டு வந்துடலாம்.

10. லாக்கும் ப்ரொப்பெல்லரும்

பேப்பர் வேலையைத் தாண்டி ரெண்டே ரெண்டு ஆபத்தை மட்டும் சொல்றேன், படகு மூழ்குறதுக்கு இது ரெண்டும் முக்கியக் காரணம்.

கீழ இறங்குற லாக்ல மேல் கேட்டுக்கு அடில ஒரு கல் திண்டு உள்பக்கம் துருத்திக்கிட்டு இருக்கும், சில்னு சொல்வாங்க. லாக் நிறைஞ்சிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, பக்கச் சுவர்ல வெள்ளைக் கோடு மட்டும் இருக்கும். படகோட பின்பக்கம் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னாடி இருக்கணும், தண்ணி வடியிற நேரம் முழுக்க. பின்பக்கம் திண்டு மேல உக்காந்துட்டா மூக்கு மட்டும் கீழ போய், சில நிமிஷத்துல படகு தண்ணிக்குள்ள போயிடும். அப்படி ஆகுற மாதிரி தெரிஞ்சா உடனே கீழ் பேடிலை (லாக்ல தண்ணி விடுற சின்னக் கதவு) மூடி, மேல் பேடிலை மெதுவா திறந்து தண்ணியத் திரும்ப ஏத்துங்க. கயித்தை இறுக்கிக் கட்டிட்டு டீ போடப் போயிடாதீங்க, ஒருத்தர் ஸ்டியரிங்ல, ஒருத்தர் பேடில்ல, கண்ணால பாத்துக்கிட்டே. வின்ட்லஸை (பேடிலைத் திருகுற கைப்பிடி) பேடில்ல விட்டுட்டு கைய எடுக்கக் கூடாது, கழண்டு சுத்தினா பல்லு போயிடும்.

ப்ரொப்பெல்லர்ல துணி, கயிறு, பிளாஸ்டிக் சுத்தும். சவுத்ஹால் பக்கம் கால்வாய்ல நம்ம ஜனங்க பூஜைக்கு விட்ட தேங்காயும் மிதக்கும், துணியும் மிதக்கும். இன்ஜினை நிறுத்தி சாவியைக் கைல எடுத்துக்கிட்டு, பின்னாடி இருக்கிற வீட் ஹேட்ச் (ப்ரொப்பெல்லருக்கு நேர் மேல இருக்கிற திறப்பு) மூடியைத் திறந்து, கைய உள்ள விட்டு ரம்பக்கத்தியால அறுத்து அறுத்து எடுக்கணும், தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், தோள்பட்டை வரைக்கும் நனையும். முடிச்சதும் மூடியைத் திரும்ப வச்சு இறுக்கிட்டோமான்னு ரெண்டு பேரும் தனித்தனியா கை வச்சு ஆட்டிப் பாருங்க. மூடி சரியா உக்காராம இன்ஜினைப் போட்டா ப்ரொப்பெல்லரே தண்ணிய உள்ள அடிச்சு படகை நிரப்பிடும்.

11. எப்ப எதைச் செய்யணும்

ட்ரஸ்ட் பெரிய ரிப்பேர் எல்லாம் நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வச்சுக்கும், லாக் மூடிடுவாங்க. அந்தப் பட்டியல் முன்கூட்டியே வரும், அதைப் பாத்து அக்டோபர் கடைசிக்குள்ள மரினா பக்கம் திரும்பிடுங்க, இல்லன்னா மூடின லாக்குக்கு இந்தப் பக்கம் படகு, அந்தப் பக்கம் மரினான்னு மாட்டிக்குவீங்க. வெயில் காலமும் உத்தரவாதம் இல்லை, 2025ல மழை இல்லாம வடக்க லீட்ஸ் லிவர்பூல், மேக்கில்ஸ்ஃபீல்டு மாதிரி கால்வாய்ங்கள்ல லாக் மூடியே கிடந்துச்சு, அதே வருஷம் ஜனவரி 1ல பிரிட்ஜ்வாட்டர் கால்வாய்க் கரை உடைஞ்சு வழியே அறுந்துச்சு. திரும்பி வர ரெண்டு வழி இருக்கிற மாதிரி பயணத்தைப் போடுங்க, அக்டோபர்ல ரெண்டு வாரம் உபரியா வைங்க.

படகை மூடும்போது: தண்ணி டேங்க், கொதிகலன், பம்ப், ஷவர் எல்லாத்துலயும் தண்ணிய வடிச்சுட்டு குழாயைத் திறந்தே விடுங்க, ஷவர் மிக்ஸர்தான் முதல்ல வெடிக்கும். இன்ஜின் ஆன்டிஃப்ரீஸ் பாருங்க. டீசல் டேங்க்கை நிரப்பி வைங்க, காலியா இருந்தா உள்ள ஈரம் கோத்து பூஞ்சை வரும். கேஸை மூடுங்க, பேட்டரி சார்ஜர் ஓடுதான்னு பாருங்க, அடில தேங்குற தண்ணிய வெளியேத்துற பில்ஜ் பம்ப் தானா ஓடுற நிலைல இருக்கணும். மாசம் ஒருமுறை கயித்தையும் தண்ணி மட்டத்தையும் பாத்துச் சொல்ல மரினால ஒரு ஆளுக்கு காசு குடுத்துடுங்க, இன்சூரன்ஸ்ல ஆளில்லாம விடலாம்னு எத்தனை நாள் போட்டிருக்குன்னும் பாருங்க.

அடுத்து வண்டி: டயர் காத்து, பேட்டரி, தண்ணி டேங்க் சுத்தம், எம்ஓடி, சார்னை முடிச்சு டாக்ஸ் கட்டுறது, எடை. இதுக்கெல்லாம் நவம்பர் முழுசா வேணும். போர்ட்ஸ்மத்ல இருந்து சான்டான்டேர் ஃபெர்ரி எடுத்தா பிரான்ஸ் முழுக்க ஓட்டுறது மிச்சம், கேபினோட விலை கூடத்தான், சீக்கிரம் புக் பண்ணா குறையும். திரும்பி வந்தப்புறம் மார்ச்ல, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை படகைத் தூக்கி அடில பிளாக்கிங் (துரு பிடிக்காம காக்கிற கருப்புப் பூச்சு) பூசணும், 1,000 பவுண்டுக்கு மேல ஆகும், அந்த ஸ்லாட்டை முந்தின செப்டம்பர்லயே பிடிச்சு வைங்க, மார்ச்ல கேட்டா எல்லாரும் ஜூன்ம்பாங்க.

காசு மொத்தமா சொன்னா, நல்ல நிலைல இருக்கிற பழைய நாரோபோட் 40,000ல இருந்து 80,000, பழைய மோட்டார்ஹோம் 30,000ல இருந்து 60,000. வருஷ செலவுல மூரிங், லைசென்ஸ், ரெண்டு இன்சூரன்ஸ், எம்ஓடி, ஃபெர்ரி எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்ச கணக்கு. டீசல் பயப்படுற அளவுக்கு இல்லை, படகு இன்ஜின் மணிக்கு ஒண்ணுல இருந்து ஒன்றரை லிட்டர்தான் குடிக்கும். தெரியாத கணக்கு ரிப்பேர்தான், ரெண்டு இன்ஜின், ரெண்டு பேட்டரி செட், ரெண்டு தண்ணி பம்ப், ரெண்டு டாய்லெட், எது எப்ப போகும்னு சொல்ல முடியாது. ரெண்டுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 3,000 பவுண்டு தனியா ஒரு அக்கவுன்ட்ல போட்டு வைங்க, முதல் வருஷம் மட்டும் அதை இரட்டிப்பா வைங்க.